கிர்கிஸ்தானுக்கு எந்தக் கடன் நல்ல கடன்?

நம்மூர்க்காரர்களுக்கு கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக் என்றால் எம்பிபிஎஸ். இங்கே மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளைகள் போய்ச் சேரும் நகரங்களில் அதுவும் ஒன்று. குளிர்காலத்தில் அந்த நகரத்து அடுக்ககங்களுக்குக் குழாய் வழியே சூடு அனுப்புவது 1961 முதல் ஓடும் ஓர் அனல்மின் நிலையம். 2018 ஜனவரி கடைசியில், வெப்பநிலை பூஜ்யத்துக்கு இருபது டிகிரிக்கும் கீழே போயிருந்த நேரத்தில், அது படுத்துவிட்டது. வீடுகளில் ரேடியேட்டர்கள் சில்லிட்டுக் கிடந்தன. இத்தனைக்கும், சில மாதங்களுக்கு முன்புதான் 38.6 கோடி டாலர் கடனில் அந்த நிலையத்தைப் புதுப்பித்துத் திறப்பு விழாவும் நடத்தியிருந்தார்கள்.

கடன் வாங்கலாமா கூடாதா என்பது எழுபது லட்சம் மக்கள் உள்ள அந்த நாட்டுக்கு ஒரு கேள்வியே இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும். எந்த ஜன்னலில் போய் நிற்பது என்பதுதான் அங்குள்ள நிதியமைச்சகத்தின் நிரந்தரத் தலைவலி. ஆசிய வளர்ச்சி வங்கியும் உலக வங்கியும் தரும் கொள்கைக் கடன் ஒன்று. அதே வங்கிகள் அணை, மின்கம்பி, சாலை என்று குறிப்பிட்ட வேலைக்குத் தரும் திட்டக் கடன் இன்னொன்று. சீனத்தின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி ஒப்பந்தக்காரரையும் கூடவே அனுப்பிவைக்கும் கடன் மூன்றாவது. பல நாடுகளும் வங்கிகளும் ஒரே பானையில் பணம் போட்டு, ஒரு துறை முழுவதையும் சீர்திருத்த உதவும் முறை நான்காவது. இவை போக, மறுசீரமைப்புக்கும் வளர்ச்சிக்குமான ஐரோப்பிய வங்கி நகராட்சிகளுக்கும் தனியார் வங்கிகளுக்கும் தரும் சிறிய கடன்கள் உண்டு.

வட்டி விகிதத்தைப் பார்த்து இவற்றை ஒப்பிடுவதுதான் வழக்கம். அதில் பெரிய பயன் இல்லை, எல்லாமே மலிவுதான். ஆசிய வளர்ச்சி வங்கியின் சலுகைக் கடனுக்கு முதல் எட்டு ஆண்டுகள் 1 சதவீதம், பிறகு 1.5 சதவீதம் வட்டி. சீன எக்ஸிம் வங்கி 20 ஆண்டுக் கடனுக்கு 2 சதவீதம் கேட்டது. இந்த அரை, ஒரு சதவீத வித்தியாசத்தில் ஒரு நாட்டின் தலையெழுத்து மாறிவிடாது. நான் பார்ப்பது வேறு. பணம் எப்போது கைக்கு வருகிறது, சீர்திருத்தத்தின் வலி எப்போது வருகிறது, இரண்டுக்கும் நடுவே எத்தனை இடைவெளி, அந்த வலி வரும் நாளில் கடன் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்பதுதான்.

முதல் மாணவனின் கதை

கொஞ்சம் பின்னணி தேவை. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தபோது, மாஸ்கோவிலிருந்து ஆண்டுதோறும் வந்த நிதி ஒரே அடியில் நின்றுபோன குடியரசுகளில் கிர்கிஸ்தானும் ஒன்று. ஆலைகள் மூடின. ஆனால் அந்த நாடு அழுதுகொண்டு உட்காரவில்லை. மத்திய ஆசியாவில் முதலாவதாக ரூபிளை விட்டு வெளியேறி, 1993 மே மாதம் சோம் என்ற சொந்த நாணயத்தை வெளியிட்டது. 1998 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. பழைய சோவியத் நாடுகளில் அதுதான் முதல். ரஷ்யாவுக்கு அந்த இடம் கிடைக்க 2012 வரை ஆனது. பன்னாட்டு நிதி நிறுவனங்களுக்கு கிர்கிஸ்தான் என்றாலே ஒரு தனிப் பிரியம் இருந்தது. சொன்னதையெல்லாம் செய்த மாணவன் அல்லவா.

அந்த மாணவனின் வெளிநாட்டுக் கடன் 2000-ஆம் ஆண்டு வாக்கில் நாட்டின் மொத்த உற்பத்தியையே தாண்டிவிட்டது. 2002-இலும் 2005-இலும், கடன் கொடுத்த நாடுகள் கூடிப் பேசும் பாரிஸ் கிளப்பில் கடன் தவணைகளை மாற்றி எழுத வேண்டிவந்தது. மிக வறிய கடனாளி நாடுகளுக்கான தள்ளுபடித் திட்டத்தில் சேரலாம் என்ற அழைப்பும் வந்தது. உள்ளூரில் எழுந்த எதிர்ப்பில், 2007-இல் அரசு அது வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. தள்ளுபடியோடு சேர்ந்து வரும் நிபந்தனைகளை ஏற்பதைவிடக் கடனைக் கட்டுவதே மேல் என்று ஒரு ஏழை நாடு முடிவெடுத்தது அபூர்வம். கொள்கைக் கடன்களைப் பற்றி அந்த மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு வேறு கருத்துக்கணிப்பு வேண்டாம்.

கொள்கைக் கடன்: கையெழுத்துக்குக் காசு

கொள்கைக் கடன் எப்படி வேலை செய்கிறது? வங்கியும் நிதியமைச்சகமும் உட்கார்ந்து ஒரு பெரிய அட்டவணை போடுவார்கள். இடது பக்கம் பிரச்சினை. நடுவில் அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கைகள்: இன்ன சட்டத்தைத் திருத்துவது, இன்ன ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்குவது, இன்ன விதிமுறையை அமைச்சரவை ஏற்பது. வலது பக்கம் எதிர்பார்க்கும் பலன். நடுப் பத்தியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசாணை நகலோ அரசிதழ் நகலோ கோப்பில் சேர்ந்ததும் பணம் கருவூலத்துக்கு வந்துவிடும். அதைச் சம்பளத்துக்குக் கொடுக்கலாம், ஓய்வூதியத்துக்குக் கொடுக்கலாம், பழைய கடனையும் அடைக்கலாம். எதற்குச் செலவழித்தாய் என்று ரசீது கேட்கமாட்டார்கள். நிதியமைச்சர்களுக்கு இந்தக் கடன் பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

நல்லது இல்லாமல் இல்லை. பட்ஜெட்டில் ஓட்டை விழுந்த ஆண்டில், பள்ளி ஆசிரியர் சம்பளம் நிற்காமல் காப்பாற்ற இதைவிட வேகமான வழி கிடையாது. ஒரு நல்ல சட்ட வரைவு ஏற்கெனவே அமைச்சகத்தில் தூங்கிக்கொண்டிருந்தால், அதைத் தட்டி எழுப்பவும் உதவும். சீர்திருத்தம் விரும்பும் துணை அமைச்சர் ஒருவருக்கு, “வங்கி கேட்கிறது” என்ற ஒரு வரி பெரிய பலம்.

சிக்கல், அட்டவணையில் அளக்க முடிவது காகிதம் மட்டும் என்பதில் இருக்கிறது. மின்துறையையே எடுத்துக்கொள்வோம். 2001-இல் கிர்கிஸ் எனர்கோ என்ற ஒற்றை நிறுவனத்தை உடைத்து, உற்பத்திக்கு ஒன்று, மின்பாதைக்கு ஒன்று, விநியோகத்துக்கு நான்கு, வெப்ப விநியோகத்துக்கு ஒன்று என்று பிரித்தார்கள். அன்று வளர்ச்சி வங்கிகள் உலகெங்கும் பரிந்துரைத்த அதே வாய்பாடு. காகிதத்தில் அழகான சீர்திருத்தம். ஆனால் உடைந்த துண்டுகள் ஒவ்வொன்றும் நட்டத்தில்தான் ஓடின, ஏனென்றால் கட்டணம் செலவில் பாதியைக்கூட எட்டவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து விநியோக நிறுவனங்களை மறுபடி ஒன்றாகச் சேர்த்து, தேசிய மின்கட்டமைப்பு நிறுவனத்துக்குள் இணைத்துவிட்டார்கள். பிரித்ததற்கும் ஆலோசகர் கட்டணம் போயிருக்கும், சேர்த்ததற்கும் போயிருக்கும்.

கட்டணத்துக்கு வருவோம். உற்பத்தியில் பெரும்பகுதி நீர்மின்சாரம் என்பதால், மின்சாரம் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்று மக்கள் எண்ணுகிறார்கள். செலவு ஈடாகும் அளவுக்குக் கட்டணத்தை உயர்த்துங்கள் என்று வங்கிகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தன. 2010 ஜனவரி 1 அன்று அதிபர் பாக்கியேவின் அரசு வீட்டுக் கட்டணத்தை யூனிட்டுக்கு 70 தியினிலிருந்து ஒன்றரை சோமாக ஏற்றியது. ஒரு சோமுக்கு நூறு தியின், ஆக இரண்டு மடங்குக்கு மேல். வெந்நீர், வெப்பக் கட்டணங்களும் சேர்ந்து எகிறின. ஜூலையில் இன்னொரு ஏற்றமும் அறிவித்திருந்தார்கள். அதே சமயத்தில் வடபகுதி மின்விநியோக நிறுவனமான செவர் எலக்ட்ரோவை மூன்று மில்லியன் டாலர் அளவிலான அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். அதிபரின் மகன் கையில் பொருளாதார வளர்ச்சிக்கென்று ஒரு தனி அமைப்பே போயிருந்தது. மார்ச்சில் மலைநகரமான நாரினில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 7 அன்று பிஷ்கெக்கில் அரசு கவிழ்ந்தது. பாக்கியேவ் தெற்கே ஓடி, அங்கிருந்து பெலாரூஸ் போய்ச் சேர்ந்தார். ரோசா ஒடுன்பாயேவா தலைமையிலான இடைக்கால அரசு கட்டணத்தை மறுபடி 70 தியினுக்கே இறக்கியது.

இதில் என்னை உறுத்தும் ஒன்று உண்டு. அந்தக் கொந்தளிப்புக்கு ஏழு மாதம் முன்பு, 2009 செப்டம்பரில், தொழில் செய்வது எங்கே எளிது என்ற உலக வங்கியின் தரவரிசை வெளியானது. அதில் கிர்கிஸ்தான் 80-ஆம் இடத்திலிருந்து 41-ஆம் இடத்துக்கு ஒரே ஆண்டில் தாவியிருந்தது. உலகின் முன்னணிச் சீர்திருத்த நாடுகளில் ஒன்று என்று பாராட்டும் வந்தது. விதிகள் திருந்தியது பொய்யல்ல. ஆனால் ஆட்சியாளரின் குடும்பம் விற்பனைக்கு வந்ததையெல்லாம் வளைத்துப்போட்டுக்கொண்டிருந்ததை அந்தத் தரவரிசை அளக்கவில்லை. பின்னாளில் தரவுக் குளறுபடிகள் வெளிவந்து, 2021-இல் உலக வங்கி அந்த அறிக்கையையே மூடிவிட்டது தனிக் கதை.

கொள்கைக் கடனில் இந்த இடைவெளிதான் மிகப் பெரிது. பணம் கையெழுத்தன்று வருகிறது. வலி, மின்கட்டண ரசீது வீட்டுக்கு வரும் நாளில் வருகிறது. அன்று நாரின் தெருவில் நிற்பது உள்ளூர் அதிகாரிதான். வங்கியின் குழு அடுத்த அட்டவணையோடு மறு ஆண்டு வரும்.

சோமின் மதிப்பு விழும்போது ஏறும் டாலர் கடன் சுமையையும் மறந்துவிடக் கூடாது. சாலைக்கோ அணைக்கோ வாங்கும் கடன் ஏதோ ஒரு சொத்தை விட்டுச்செல்லும். பட்ஜெட்டுக்கு வாங்கும் கடன் அந்த ஆண்டிலேயே கரைந்துவிடும். 2014 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 49 சோம். 2015 முடிவில் 76 சோம் அளவுக்கு விழுந்தது. பத்துக் கோடி டாலர் கடன் என்றால் இரண்டே ஆண்டில் 490 கோடி சோம் 760 கோடி சோமாகிவிட்டது என்று கணக்கு. அடைக்கப்போகிறவர் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பார்.

திட்டக் கடன்: மெதுவாக வரும், ஆனால் கண்ணுக்குத் தெரியும்

நாரின் ஆற்றின் மேல் உள்ள டோக்டோகுல் அணைதான் அந்த நாட்டின் இதயம். 1,200 மெகாவாட். 1970-களின் நடுவில் ஓடத் தொடங்கிய நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 300 மெகாவாட். முப்பது, நாற்பது வயதான இயந்திரங்களில் ஒன்று கொட்டும் பனிக்காலத்தில் நின்றால் நாடே இருட்டு. ஆசிய வளர்ச்சி வங்கி 2012 முதல் மூன்று கட்டமாக இதன் புதுப்பிப்புக்குக் கடனும் மானியமும் கொடுத்தது. யுரேசிய வளர்ச்சி வங்கியும் கூடச் சேர்ந்தது. புதிய இயந்திரம் ஒவ்வொன்றும் 360 மெகாவாட். நான்கும் மாறினால் 240 மெகாவாட் கூடுதல். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாகத் தேவையில்லை, புது அணை வேண்டாம், ஒரு கிராமத்தையும் காலிசெய்ய வேண்டாம்.

வேகம்தான் பிரச்சினை. சர்வதேச டெண்டர், மதிப்பீடு, மறுமதிப்பீடு, வங்கியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் என்று ஒவ்வொரு படியும் மாதங்களைத் தின்னும். தேர்தல் நெருங்கும் எந்த அரசுக்கும் இது பொறுக்காது. இதை நடத்தவென்றே அமைச்சகத்துக்குள் ஒரு தனிப் பிரிவு முளைக்கும். அதற்கு டாலர் கணக்கில் சம்பளம், அதனால் மின்துறையில் இருக்கும் நல்ல பொறியாளர்கள் அங்கே போய்விடுவார்கள். திட்டம் முடிந்ததும் அந்தப் பிரிவு கலையும். பொறியாளர் துறைக்குத் திரும்பமாட்டார்.

சீர்திருத்தம் என்ற கோணத்தில் பார்த்தால், இயந்திரம் மாறியதால் கட்டணக் கொள்கை மாறிவிடாது. ஒப்பந்தத்தில் ‘கட்டணத்தைச் செலவுக்கு ஏற்ப உயர்த்துவோம்’ என்று ஒரு பிரிவு இருக்கும். அரசு அதை மீறும், வங்கி கடிதம் எழுதும், அரசு பதில் எழுதும். பாதி மாற்றிய இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு எந்த வங்கியும் பணத்தை நிறுத்தாது. இது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

ஆனாலும் எனக்கு இந்தக் கடன்மேல் ஒரு மரியாதை உண்டு. பத்து ஆண்டுகள் அதே வங்கி, அதே அணை, அதே ஆட்கள். வலி வரும்போது பக்கத்தில் இருப்பதற்கான வாய்ப்பு இங்கே கூடுதல்.

சீனக் கடன்: ஒரு வெற்றியும் ஒரு கட்டிங் பிளேயரும்

சீனக் கடனைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டதால், முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சோவியத் காலத்து மின்பாதைகள் நாட்டு எல்லை பார்த்துப் போட்டவை அல்ல. கிர்கிஸ்தானின் தெற்கே விளையும் மின்சாரம் வடக்கே போக உஸ்பெகிஸ்தான் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. இரு நாட்டுக்கும் மனஸ்தாபம் வந்தால் தலைநகருக்கு மின்சாரம் கேள்விக்குறி. டட்கா முதல் கெமின் வரை மலைகளைத் தாண்டி 500 கிலோவோல்ட் மின்பாதை ஒன்றை சீன எக்ஸிம் வங்கியின் ஏறத்தாழ 39 கோடி டாலர் கடனில் போட்டார்கள். 2015-இல் முடிந்தது. இன்றுவரை நாட்டைத் தாங்குகிறது. டெண்டர் நடைமுறை பார்த்துக்கொண்டிருந்தால் அது அந்த ஆண்டில் முடிந்திருக்காது.

இப்போது பிஷ்கெக் அனல்மின் நிலையத்துக்கு வருவோம். கடன் கொடுக்கும்போதே வேலை செய்யும் நிறுவனமும் முடிவாகிவிட்டது, டிபிஇஏ என்ற சீன நிறுவனம். திறந்த போட்டி கிடையாது. 2018-இல் நிலையம் நின்ற பிறகுதான் நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் கணக்கைப் புரட்டின. ஒரு கட்டிங் பிளேயர் 320 டாலர் என்று எழுதியிருந்தது. பிஷ்கெக் சந்தையில் எந்தக் கடையிலும் சில டாலருக்குக் கிடைக்கும் சாமான். தீயணைப்புக் கருவிக்கும் அதே ரகத்தில் விலை. இரண்டு முன்னாள் பிரதமர்கள் கைதானார்கள். நாட்டு அரசியலையே அந்த வழக்கு உலுக்கியது.

அந்த 38.6 கோடி டாலர் குறையவில்லை. பிரதமர் சிறைக்குப் போனாலும் தவணை தவணைதான். ஒருகாலத்தில் நாட்டின் வெளிக்கடனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரே வங்கிக்குப் போகவேண்டியதாக இருந்தது. ஒரே ஆளிடம் இவ்வளவு கடன் வைத்தவன் பேரம் பேச முடியாது.

சீர்திருத்தத்துக்கு இந்தக் கடன் எந்த நிபந்தனையும் போடுவதில்லை, அதுதான் அதன் கவர்ச்சி. என் பார்வையில் அது அரை உண்மை. கொள்கை நிபந்தனை இல்லை, ஆனால் யாரிடம் வாங்குவது என்ற நிபந்தனை இருக்கிறது. விலையைத் தட்டிக்கேட்கும் பழக்கத்தைத்தான் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து சந்தைக்கு மாறும் ஒரு பொருளாதாரம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கடன் அந்தப் பாடத்தையே தாண்டிப் போய்விடுகிறது.

ஒரே பானை: மருத்துவத்தில் நடந்தது

கிர்கிஸ்தானில் உருப்படியாக நிலைத்த சீர்திருத்தம் எது என்று கேட்டால் நான் மருத்துவத் துறையைக் காட்டுவேன். வெளியே அதிகம் பேசப்படாத கதை.

சோவியத் முறையில் மருத்துவமனைக்குப் பணம் படுக்கை எண்ணிக்கையைப் பார்த்து வரும். ஆகவே எல்லோரும் படுக்கைகளைக் கூட்டினார்கள். காய்ச்சலுக்குக்கூட வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். பாதிக் கட்டடங்களைச் சூடாக்கவே பட்ஜெட் போய்விடும், மருந்துக்கு மிஞ்சாது. 1996-இல் ‘மனாஸ்’ என்று தங்கள் காவிய நாயகனின் பெயரையே வைத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். மறு ஆண்டு கட்டாய மருத்துவக் காப்பீட்டு நிதியம் வந்தது. 2001-இல் இசிக்குல், சுய் என்ற இரண்டே மாகாணங்களில் பரிசோதித்தார்கள்: பணம் முழுவதும் ஒரே நிதியத்தில் சேரும், மருத்துவமனைக்குப் படுக்கைக்குப் பதில் சிகிச்சை பெற்ற நோயாளியின் கணக்கில் பணம் போகும். அவ்வளவுதான் மாற்றம். தேவையில்லாத கட்டடங்களை மருத்துவமனைகள் தாங்களாகவே மூடத் தொடங்கின, ஏனென்றால் மிச்சம் பிடித்தது அவர்களுக்கே. பிறகுதான் மற்ற மாகாணங்களுக்குப் போனார்கள்.

2006-இல் இரண்டாவது கட்டமான ‘மனாஸ் தாலிமி’ தொடங்கியபோது உலக வங்கி, ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வளர்ச்சி வங்கி, சுவிஸ், பிரிட்டன் எல்லாம் தனித்தனித் திட்டம் வைத்துக்கொள்ளாமல், அரசின் சொந்தத் திட்டத்துக்கே கருவூலம் வழியாகப் பணம் போட்டன. ஆண்டுக்கு இரண்டு முறை எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். மருத்துவத்துக்கான தன் பங்கை அரசு குறைக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. 2005-இலும் 2010-இலும் ஆட்சி கவிழ்ந்தது. திட்டம் கவிழவில்லை.

குறை உண்டு. டாக்டர் கையில் தனியாகக் காசு வைக்கும் பழக்கம் போகவில்லை. கிராமங்களில் குடும்ப மருத்துவர்கள் ஓய்வுபெறுகிறார்கள், புதியவர்கள் ரஷ்யாவுக்கும் கஜகஸ்தானுக்கும் போய்விடுகிறார்கள். எல்லோர் பணமும் ஒரே பானையில் என்பதால் ஒருவர் கோபித்துக்கொண்டால் எல்லோர் பணமும் தாமதமாகும். ஆனால் பணமும் வலியும் இங்கே சேர்ந்து நடந்தன. ஒரு மாகாணத்தில் மருத்துவமனைக் கட்டடம் மூடும் ஆண்டிலேயே, பக்கத்துக் குடும்ப மருத்துவ நிலையத்துக்கு உபகரணம் வந்தது. வலித்த இடத்திலேயே மருந்தும் போட்டார்கள்.

விளைவுக்கு மட்டும் பணம் என்ற முறையை உலக வங்கி 2012-இலும் ஆசிய வளர்ச்சி வங்கி அடுத்த ஆண்டும் கொண்டுவந்தன. கிர்கிஸ்தானில் 2019-இல் ஆரம்ப சுகாதாரத்துக்கு இதைப் பயன்படுத்தினார்கள். ஏற்கெனவே நம்பத்தகுந்த கணக்கெடுப்பு உள்ள துறைக்குத்தான் இது பொருந்தும். மீட்டரே சரியில்லாத மின்துறையில் ‘மின்இழப்பைக் குறைத்தால் பணம்’ என்றால், மின்சாரத்துக்கு முன்னால் எண்கள்தான் மாறும்.

ஐரோப்பிய வங்கியின் ஜன்னல் சிறியது. பிஷ்கெக், ஓஷ், ஜலாலாபாத், கரகோல் என்று ஊர் ஊராகக் குடிநீர் நிறுவனங்களுக்குச் சில மில்லியன் யூரோ கடனும், ஐரோப்பிய ஒன்றியம், சுவிஸ் போன்ற கொடையாளர்களின் மானியமும் கலந்து கொடுக்கிறது. கட்டணம் கூடும்போது அந்த ஊர்க்காரர் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்க்கிறார். அளவில் சின்னதாக இருந்தாலும் இந்தத் தர்க்கம் எனக்குப் பிடிக்கும். தேசியச் சீர்திருத்தத்துக்கு இது போதாது.

நிதியமைச்சகத்தில் நான் உட்கார்ந்திருந்தால்

மின்துறைதான் இன்றைய பிரச்சினை என்பதால் அதற்கே சொல்கிறேன். நீண்ட காலம் வீட்டுக் கட்டணம் மாதம் 700 யூனிட் வரை யூனிட்டுக்கு 77 தியின், அதற்கு மேல் 2.16 சோம். 700 யூனிட்டுக்கு 539 சோம், அப்போதைய மதிப்பில் எட்டு டாலர்கூட இல்லை. இந்தச் சலுகை ஏழைக்கு மட்டும் போகவில்லை. பெரிய வீடு கட்டி மின்ஹீட்டரில் சூடேற்றுபவருக்கும் போயிற்று. விளைவு, குளிர்காலத்தில் மின்தேவை எகிறி, நீர்மின்சாரத்துக்குப் பெயர்போன நாடு கஜகஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் துர்க்மெனிஸ்தானிலிருந்தும் கூடுதல் விலைக்கு மின்சாரம் வாங்கி, நட்டத்துக்கு விற்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் 2026 முடிவு வரை எரிசக்தித் துறையில் அவசரநிலை என்றே அதிபர் ஜபாரோவ் அறிவித்தார்.

இதற்குக் கொள்கைக் கடனை முதலில் வாங்குவது தவறு. முதலில் திட்டக் கடன்: மீட்டர், துணைமின் நிலையம், இழப்புக் கணக்கு. 2022-இல் உலக வங்கி ஐந்து கோடி டாலர் அளவில் இந்த வகை வேலைக்குத்தான் ஒப்புக்கொண்டது, சரியான தொடக்கம். கூடவே மருத்துவத்தில் செய்ததுபோல, ஏழைக் குடும்பத்தின் குளிர்கால ரசீதைத் தாங்கும் உதவித்தொகைக்கு எல்லோரும் ஒரே பானையில் பணம் போட வேண்டும். அது கட்டண உயர்வுக்கு முந்தைய மாதமே கணக்கில் ஏற வேண்டும். அதன் பிறகு சிறிய சிறிய உயர்வு. கட்டணத்தை அரசு தானே துணிந்து இரண்டு குளிர்காலம் நிலைநிறுத்திய பிறகு, பட்ஜெட்டில் விழும் ஓட்டைக்குக் கொள்கைக் கடனை வாங்கலாம். கடன் முடிவுக்குப் பின்னால் வர வேண்டும், முடிவை விலைக்கு வாங்க வரக் கூடாது.

கிர்கிஸ்தான் இப்போது ஓரளவு இதைத்தான் செய்கிறது. 2023-இல் 1 சோம், 2024-இல் 1.11, 2025-இல் 1.37 என்று படிப்படியாக ஏற்றியிருக்கிறார்கள். நாரினில் யாரும் தெருவுக்கு வரவில்லை. இதை வங்கிகள் தங்கள் வெற்றிப் பட்டியலில் எழுதிவிடக் கூடாது என்பது என் கவலை. 2024-இல் வெளிநாட்டு நிதி பெறும் தொண்டமைப்புகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது, பத்திரிகைகளுக்கும் நெருக்கடி. எதிர்ப்பு இல்லாததற்குக் கட்டணம் நியாயமாக இருப்பதும் காரணமாகலாம், வாய் மூடியிருப்பதும் காரணமாகலாம். 320 டாலர் கட்டிங் பிளேயரைக் கண்டுபிடித்தது எந்த வங்கியின் தணிக்கையும் அல்ல. பேசத் துணிந்த நாடாளுமன்ற உறுப்பினர்களும் நிருபர்களும்தான்.

அடுத்த முடிவு கம்பராத்தா-1. நாரின் ஆற்றில் 1,860 மெகாவாட், நான்கு பில்லியன் டாலருக்கு மேல் செலவு. முன்பு ரஷ்யா கட்டித்தருவதாகச் சொல்லி, அது நடக்காமல் 2016-இல் ஒப்பந்தம் ரத்தானது. இப்போது கிர்கிஸ்தானுக்கு 34 சதவீதம், கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் தலா 33 சதவீதம் என்ற பங்கில், உலக வங்கி முன்னின்று பல வங்கிகளைத் திரட்டுகிறது. அண்டை நாடுகளையும் பங்காளியாக்கியது புத்திசாலித்தனம். தண்ணீர்ச் சண்டையும் குறையும், கடன் சுமையும் பகிரப்படும். ஆனால் இந்தத் தொகைக்கு ஏற்பாடு இழுபடும்போது, மொத்தத்தையும் நானே தருகிறேன், ஆளையும் நானே அனுப்புகிறேன் என்று யாராவது வருவார்கள். அந்த நாளில் நிதியமைச்சகம் கேட்க வேண்டியவை மூன்று: டெண்டர் திறந்ததா, விலைப்பட்டியலை நாடாளுமன்றத்தில் வைக்கலாமா, அங்கே விளையும் மின்சாரத்தை எந்த விலைக்கு யார் வாங்குவதாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் கையெழுத்தைத் தள்ளிப்போடலாம். அதுவரை டோக்டோகுலின் புது இயந்திரங்கள் ஓடட்டும்.